பல்லாவரத்துக் கல்குழிகள்

கோவளம்



தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குச் செல்வோர், பல்லாவரத்தைக் கடந்ததும் வருகிற திரிசூலம் நிலையத்தில் ஒருபுறம் விமான நிலையத்தையும் மறுபுறம் வெட்டுண்ட குன்றுகளையும் காணலாம். சோழர் காலத்துச் சிவன் கோயிலைக் கொண்ட அச்சிற்றூரும் அதைச் சுற்றியுள்ள பல்லாவரம், பம்மல் பகுதிகளும் நெடுங்காலம் கல்குவாரிகளால் பிழைத்தவை. பாறையில் துளையிட்டு வெடிவைத்து, சிதறிய கல்லைச் சம்மட்டியால் உடைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றிய அந்த உழைப்பின் மீதுதான் சென்னையின் பல சாலைகளும் கட்டடங்களும் நிற்கின்றன.

அந்தக் கல் சாதாரணமானதன்று. புதிதாக உடைத்த முகத்தைப் பார்த்தால் எண்ணெய் பூசியதுபோன்ற மினுமினுப்பும், நீலம் கலந்த சாம்பல் நிறக் குவார்ட்ஸ் மணிகளும் தெரியும். இரும்பும் மக்னீசியமும் அடங்கிய ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் இதில் கலந்திருப்பது, பூமியின் மேலோட்டின் அடியாழத்தில், நீர் மிகக் குறைந்த கடும் வெப்பச் சூழலில், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பாறை உருவானதற்குச் சான்றாகும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலாளர், அது இந்தப் பக்கத்துப் பாறையே என்று கண்டு, 1893-இல் அதற்குச் ‘சார்னோக்கைட்’ எனப் பெயரிட்டார். தலைமுறை தலைமுறையாகக் கல்லை உடைத்தவர்கள் இருக்க, கல்லுக்கு அடியில் கிடந்தவருக்குப் பெயர் போனது சற்று விந்தைதான். இலங்கையிலும் கிழக்கு அன்டார்க்டிகாவிலும் இதே இனப் பாறை இருப்பது, அந்நிலங்கள் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்னும் கருத்துக்குத் துணைநிற்கிறது. பரங்கிமலையிலுள்ள சார்னோக்கைட் இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

குழி வெட்டியதால் வெளிப்பட்ட இன்னொன்று இதைவிடப் பெரியது. 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் சரளை எடுப்பதற்காகத் தோண்டப்பட்டிருந்த ஒரு குழியில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இருபுறமும் செதுக்கிக் கூர்மையாக்கிய கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். ஐரோப்பாவில் இத்தகைய கருவிகள் ஆதி மனிதர் செய்தவை என்று அறிஞர்கள் ஏற்று நான்காண்டுகளே ஆகியிருந்த நிலையில், இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தச் சரளைக் குழியில் தொடங்கியது. அதே ஆண்டில் அவர் கருவிகளைக் கண்ட அத்திரம்பாக்கம் என்னும் இடத்துக் கற்கருவிகளின் காலத்தை, தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011-இல் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று கணித்தது. எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள ஃபூட்டின் சேகரிப்பை மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

கைவிடப்பட்ட குவாரிகளில் இப்போது மழைநீர் தேங்கி நிற்கிறது. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் குவாரி நீரைச் சுத்திகரித்து 2017-இல் சென்னைக்குக் குடிநீராக வழங்கினர் என்பதால், இக்குழிகளைக் குப்பை கொட்டும் பள்ளங்களாகக் கருதுவது அறிவீனமாகும். ஆனால், கரை சரிவாக இறங்காமல் செங்குத்தாக வெட்டப்பட்டிருப்பதாலும், முதல் அடியிலேயே பேராழம் இருப்பதாலும், கடலில் நீந்திப் பழகிய கோவளத்துப் பிள்ளைகளும் குவாரி நீரில் இறங்கக் கூடாது.