நோயாளியைப் பார்ப்பவருக்கும் ஓய்வு வேண்டும்



அய்யனார் கோவில் பக்கம் ஒரு வீட்டுக்கு வீல்சேர் கொடுக்கச் சென்றிருந்தோம். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமனாரை மூன்று வருடமாக மருமகள்தான் பார்த்து வருகிறார். வீல்சேரை வாங்கிக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான். "யாராவது ரெண்டு மணி நேரம் மாமாகூட உட்கார்ந்தா, நான் போய் சுகர் டெஸ்ட் எடுத்துட்டு வந்துருவேன், பாய்."

எட்டு மாதமாக அவர் தன் சர்க்கரை அளவைப் பார்க்கவில்லை. கட்டில், மருந்து, வீல்சேர் என்று கொடுத்து வந்த நமக்கு, நேரம் கொடுக்கத் தோன்றவில்லை.

ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போருக்குப் புறப்பட்ட வேளையில், உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபி (ஸல்) அவர்களின் மகளாருமான ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். அவரைக் கவனிக்க உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்றார்கள். நோயாளியைப் பார்ப்பது அத்தனை பெரிய அமல்.

அபுத்தர்தா (ரலி) அவர்கள் ஓய்வின்றி நோன்பும் தொழுகையுமாக இருந்தபோது, தனக்கும் குடும்பத்துக்கும் செலுத்த வேண்டிய கடமை உண்டென்று சல்மான் (ரலி) எடுத்துச் சொன்னார்கள். சல்மான் சொன்னது உண்மையே என்று நபி (ஸல்) அவர்களும் கூறினார்கள். வணக்கத்திலேயே இப்படியென்றால், படுக்கைப் புண் வராமல் இருக்க இரவெல்லாம் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பவர் பகலில் சற்றுக் கண்ணயர்வது குற்றமா? "பெரியவரை அடுத்த ஆளிடம் விட்டுட்டுப் போறா" என்று பேசுபவர்கள் யோசிக்கட்டும். (அப்படிப் பேசுபவர்கள் ஒரு நாளும் வந்து உட்கார்ந்ததில்லை.)

கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரணப் பராமரிப்புப் பணி, பிறகு மலப்புரம் போன்ற மாவட்டங்களில் ஊர் மக்கள் பணியாகவே வளர்ந்தது. வாரம் இரண்டு மணி நேரம் தர முடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இதில் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதியோர் உதவிக்கு 14567 எண் இருக்கிறது. ஆனால் செவிலியர் வந்து போவது சிறிது நேரம்தான். மீதி நேரத்துக்கு மனிதர் வேண்டும்.

அதனால் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் வந்து உட்காரக்கூடியவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கியுள்ளோம். மஹ்ரம் கேள்வி வரும் என்பது தெரியும். ஆண் நோயாளியிடம் ஆண்கள், பெண் நோயாளியிடம் பெண்கள் என்றே அனுப்புவோம். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆணை அனுப்பமாட்டோம். அவர் வெளியே போகும் நேரத்தில், இன்னொரு ஆண் உறவினர் இருந்தால் மட்டுமே. குளிப்பாட்டுவது வீட்டாரிடமே இருக்கும். மருந்து நேரம், உணவு, யாருக்குப் போன் செய்வது என்பதை ஒரு தாளில் எழுதிக் கட்டில் அருகே ஒட்டி வையுங்கள்.

மில் ஷிப்ட் முடிந்து வரும் இளைஞர்களும், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு நேரமுள்ள சகோதரிகளும் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் நேரில் வர வேண்டியதில்லை, சொல்லி அனுப்பினால் நாமே வருகிறோம்.