திருப்பூருக்குப் புறப்படும் இளம் தையற்கலைஞனுக்கு



நாகர்கோவில் வடசேரியில் தறிச் சத்தத்தின் நடுவே வளர்ந்து, துணி வெட்டவும் பேட்டர்ன் வரையவும் கற்று, திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டருக்கு உதவியாளனாகச் சேரப்போகிறாய் என்ற செய்தி எனக்கு மிகுந்த சந்தோஷம் தந்தது. நம்மவர் தையல் இத்தனை நேர்த்தியாக இருந்தும் ஐரோப்பியக் கடைகளில் வங்கதேசத்துப் பனியன் முந்திக்கொள்வது ஏன் என்று கேட்டிருந்தாய்.

1974 முதல் 2004 முடிய, எந்தத் தேசம் எத்தனை உருப்படி அனுப்பலாம் என்பதை வாங்கும் செல்வ தேசங்களே கோட்டா வகுத்து நிர்ணயித்து வந்தன. அந்தக் கட்டில் அகப்பட்ட கொரியக் கம்பெனி ஒன்று, கட்டு நெருக்காத வங்கதேசத்தாருக்கு எழுபதுகளின் இறுதியில் தொழில் பழக்கிக்கொடுக்க, அவ்வாறு வேர்விட்ட தொழிலுக்கு 2001-ல் ஐரோப்பா, மிக வறிய தேசங்களுக்கான சலுகையின்பேரில், சுங்கத் தீர்வையை அறவே நீக்க, நம் சரக்கு மட்டும் தீர்வை செலுத்தியே கரையேற வேண்டியதாயிற்று. ஹோண்டுராஸ் முதலிய மத்திய அமெரிக்க தேசங்களுக்கோ, வர்த்தக ஒப்பந்தம் ஒன்றின்படி, பொதுவாக நூலும் அந்த ஒப்பந்த தேசங்களிலேயே நூற்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் அமெரிக்கா தீர்வை விலக்கு அளித்தது. தூத்துக்குடியிலிருந்து அமெரிக்காவுக்குப் பல வாரம் மிதந்து போகும் பெட்டி அவர்களுக்குச் சில நாள் பயணம். தீர்வை விதிகள் எப்படி மாறுகின்றன என்பதை 2025-லேயே பார்: ஜூலை 24-ல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் சரக்கின்மேல் கூடுதல் தீர்வையை 50 சதவீதமாக்கிற்று.

இத்தகைய நெருக்கடி வரும்போதெல்லாம் கூலியைக் குறைத்தால் சந்தைப் பங்கு கூடும் என்று உபதேசிப்பவர்கள் உன்னைச் சூழ்வார்கள். அவர்களை நம்பாதே. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மடிந்தது, மலிவையே தேடிய வர்த்தகத்தின் விளைவு. நம் ஊர்ச் சரித்திரம் வேறு வழி காட்டுகிறது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், சில ஆண்டுகளில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். கடல் கடந்து விற்ற அந்த லேஸின் கூலியைச் சேர்த்து, அடிமைக் குடிகளில் பிறந்த சிறுமியர் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்து மீட்டுக்கொண்டார்கள். கைத்தொழிலின் கௌரவத்திற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

ஆகையால் நீ செய்யக்கூடிய காரியம் வேறு. திருப்பூரின் பலம் பருத்தி. கோடைக்கு உகந்த ஆடை. ஆனால் உலகத்தில் இன்று நூற்கும் இழையில் பெரும்பகுதி செயற்கையிழை. அது கத்திரிக்கு வழுக்கும், ஊசிச் சூட்டில் உருகும், இழுத்தால் நீண்டு அளவைப் பிழையாக்கும். பருத்தியில் பழகிய கை அங்கே மீண்டும் மாணாக்கனாக வேண்டும். பொறுமையோடு பழகு. ஒவ்வோர் ஆர்டரிலும் நூல் எந்த ஊரில் நூற்றது, எந்தத் தீர்வை விதியின்கீழ் போகிறது என்று மெர்ச்சண்டைசரிடம் கேள்.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஊர் வரும்போது, நீயே வெட்டிய பாலியெஸ்டர் மேலங்கி ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் காட்டு.