லுக்லாவுக்கு டிக்கெட் போடும் முன்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போகிறவர்களா? சீசன் மாதங்களில், அந்த நடை தொடங்கும் லுக்லாவுக்கான விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. ராமேசாப் மாவட்டத்து மந்தலியிலிருந்துதான். டிக்கெட்டில் ஊர்ப் பெயரை முதலில் பாருங்கள்.

மந்தலி - லுக்லா நேர்கோட்டில் சுமார் 75 கி.மீ. பறப்பது 20 நிமிடம்தான். ஆனால் காத்மாண்டுவிலிருந்து மந்தலிக்கு வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில் 4, 5 மணி நேரம் ஆகும். அதிகாலை விமானம் என்றால் நள்ளிரவிலேயே ஜீப் ஏற வேண்டும். முதல் நாளே போய் மந்தலியில் தங்கிவிடுவது உடம்புக்கு நல்லது.

லுக்லா 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதை வெறும் 527 மீட்டர், அதுவும் சரிவு. ஒரு முனையில் மலை, மறுமுனையில் பள்ளத்தாக்கு. மேகம் இறங்கினாலோ, மதியக் காற்று கிளம்பினாலோ விமானம் நின்றுவிடும். ஆகவே எப்போதும் காலையின் முதல் விமானத்தையே கேளுங்கள். திரும்பும்போது 2 நாளாவது கையில் உபரியாக இருக்கட்டும். லுக்லாவிலிருந்து வரும் அன்றே ஊருக்கு விமானம் பதிவு செய்யவே வேண்டாம்.

சுமை பொதுவாக 15 கிலோதான். கனத்த பூட்ஸையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டே ஏறுங்கள்.