கல்லூரிக் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிளஸ் டூ கணிதத்தில் 90-க்கு மேல் வாங்கிய பிள்ளைகள்கூடப் பொறியியல் முதலாண்டில் எம்-1 என்ற கணிதத் தாளில் அரியர் வைக்கிறார்கள். வைத்ததும், 'நமக்கு மண்டையில் ஏறாது' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு அடிப்படையான நம்பிக்கைகள் பெரும்பாலும் தவறானவை.

நம்பிக்கை: வகுப்பில் புரிந்தால் பாடம் வந்துவிட்டது.

உண்மை: இரட்டைத் தொகையிடலில் பேராசிரியர் வரிசையை மாற்றிப் போட்டுக் காட்டும்போது ஒவ்வொரு வரியும் விளங்கும். ஆனால் எந்தக் கணக்கில் வரிசையை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தவர் அவர். அந்த முடிவை நாமே எடுக்கும்வரை பாடம் நம்முடையதாகாது. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. நல்ல விரிவுரை கேட்டபோது மாணவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டியபோது குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்ததும், மல்லுக்கட்டிய பாடத்தில்தான் மதிப்பெண் கூடியிருந்தது.

நம்பிக்கை: ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போட்டுத் தள்ளினால் போதும்.

உண்மை: ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் கனஅளவுக் கணக்குகளைப் போட்டார்கள். வகைவகையாகப் போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்களுக்கு 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் பிரிவினர் 20 சதவீதத்துக்கு இறங்கினார்கள். கலந்து போட்டவர்கள் 63 சதவீதம் எடுத்தார்கள். வகைவகையாகப் போடும்போது சூத்திரம் முன்கூட்டியே தெரியும். கலந்து வந்தால் எந்தச் சூத்திரம் என்பதையும் தேட வேண்டும். தேர்வுத்தாளும் அதைத்தான் கேட்கிறது.

நம்பிக்கை: திறமைசாலிக்கு விடை சட்டென்று வரும்.

உண்மை: 2014-இல் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண்ணான மரியம் மிர்சாகானி, தன்னை மெதுவாகச் சிந்திப்பவர் என்றே சொல்லிக்கொண்டார். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு 1993-இல் நிரூபணம் அறிவித்த ஆண்ட்ரூ வைல்ஸ், அதில் ஓட்டை இருப்பது தெரிந்தபின் ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994-இல்தான் அதை அடைத்தார்.

நம்பிக்கை: கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படிப்பவர்தான் தேறுவார்.

உண்மை: 1970-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன், நுண்கணிதம் படித்த மாணவர்களைக் கவனித்தார். தோற்ற கறுப்பின மாணவர்கள் பலர் கடுமையாக உழைத்தார்கள். ஆனால் தனியாக உழைத்தார்கள். நன்றாகச் செய்த சீன அமெரிக்க மாணவர்கள், தனியே போட்ட கணக்குகளைக் கூடி உட்கார்ந்து ஒப்பிட்டார்கள். கடினமான கணக்குகளைச் சேர்ந்து போடும் பயிலரங்குகளை டிரைஸ்மன் தொடங்கியபின் கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

ஆகவே ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டால், விடையைப் பார்க்குமுன் படம் வரையுங்கள், சிறிய எண்களைப் போட்டுப் பாருங்கள், இயற்பியல் என்றால் அலகுகளைச் சரிபாருங்கள். அப்படியும் நகரவில்லையென்றால், எந்த வரியில் நின்றீர்கள் என்று குறித்துக்கொண்டு நண்பரிடமோ ஆசிரியரிடமோ போங்கள். 'ஒன்றுமே புரியவில்லை' என்பதைவிட 'இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது யாருக்கும் எளிது. ஆசிரியர்களே, அந்தக் கேள்வியோடு வரும் பிள்ளையை 'இதுகூடத் தெரியாதா?' என்று திருப்பி அனுப்பாதீர்கள்.