முதலில் தலைக்கணக்கு

கேள்வி: போரிலும் இடப்பெயர்விலும் சிக்கிய மக்களின் உடல்நலத்தை எப்படி அளக்கிறார்கள்?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: முதல் அளவுகோல் இறப்பு வீதம். 10,000 பேரில் நாளொன்றுக்கு ஒருவருக்கு மேல் இறந்தால் அது அவசரநிலை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் அந்த எல்லை இரண்டு. அடுத்தது மந்தபோசணை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளையின் மேற்கையில் நிற நாடாவைச் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றளவு 115 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் நாடா சிவப்பைக் காட்டும். உடனே சிகிச்சை வேண்டும். இதற்குத் தராசு தேவையில்லை, மரநிழலே போதும்.

ஆனால் எந்த வீதத்துக்கும் அடித்தளம் மொத்தச் சனத்தொகைதான். அது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். 2009 தொடக்கத்தில், இலங்கையின் உள்நாட்டுப் போருக்குள் அகப்பட்டிருந்தோர் சுமார் 70,000 பேர்தான் என்றது அரசு. களத்தில் இருந்த அரச அதிகாரிகளின் கணக்கோ மூன்று இலட்சத்தைத் தாண்டியது. போர் முடிந்தபோது வவுனியா மெனிக்பாம் உள்ளிட்ட முகாம்களை வந்தடைந்தவர்கள் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். உணவும் மருந்தும் அந்தச் சிறிய எண்ணை வைத்தே அளக்கப்பட்டதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை கண்டித்தது.

கணக்கில் இல்லாதவருக்குக் கஞ்சியிலும் பங்கில்லை. ஆகவே, மக்களை நேர்மையாக எண்ணுவதும் உயிர்காக்கும் வைத்தியமே.