பழைய இத்தாலிய மட்கலங்களை அறிவோம்

வரலாற்று வகுப்பில் மறுமலர்ச்சிக் காலத்தைப் படித்தபோது ஓவியர், சிற்பிகள் பெயர்களையெல்லாம் நாங்கள் மனப்பாடம் செய்தோம். அக்காலத்துக் குயவர் ஒருவரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் வனைந்த ‘மயோலிக்கா’ என்னும் வண்ண மட்கலங்களோ இன்றும் அரும்பொருட்காட்சிகளை அணிசெய்கின்றன. அவற்றை இனங்காணும் முறையைச் சிறிது காண்போம்.

பெயரும் செய்முறையும்

ஸ்பெயின் நாட்டுக் கலங்கள் மயோர்க்கா தீவின் வழியாக இத்தாலிக்கு வந்தன. அத்தீவின் பெயரே மருவி ‘மயோலிக்கா’ ஆயிற்று. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பாயென்சா, தெரூத்தா, உர்பினோ, கூப்பியோ முதலிய ஊர்களில் இக்கலை தழைத்தது.

1557ஆம் ஆண்டையொட்டி சிப்ரியானோ பிக்கோல்பாசோ என்பவர் குயவர் கலையைப் பற்றி எழுதிய நூலின் கையெழுத்துப்படி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருட்காட்சியில் உள்ளது. முதலில் கலத்தைச் சூளையில் சுடுவர். பின் வெள்ளீயம் கலந்த பூச்சில் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் ஓவியம் தீட்டி மீண்டும் சுடுவர். உலர்ந்த பூச்சு வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடும். ஆதலால் தவறிய கோட்டை அழிக்க இயலாது. எத்துணை உறுதியான கை வேண்டும்!

இனங்காணும் வழிகள்

1. விளிம்பில் சிதைந்த இடத்தைப் பார்க்கவேண்டும். வெள்ளைப் பூச்சின் அடியில் மங்கிய மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு மண் தெரிந்தால் மயோலிக்காவாக இருக்கலாம். சீனப் பீங்கானோ உள்ளும் புறமும் வெண்மையானது.

2. நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், ஊதா ஆகியவையே பழைய வண்ணங்கள். 16ஆம் நூற்றாண்டுக் கலம் என்று காட்டப்படுவதில் ரோஜா நிறம் இருந்தால் ஐயுறவேண்டும்.

3. உண்மையான தேய்மானம் அடிவளையத்திலும் விளிம்பிலும் மிகும். எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது செயற்கையாக இருக்கலாம்.

4. இடை சிறுத்து உயர்ந்த சாடி மருந்துக்கடைக்குரியது. அலமாரியில் நெருக்கி வைத்தாலும் கையால் பற்றி எடுக்க எளிது. மருந்தின் பெயரும் அதன்மேல் எழுதப்பட்டிருக்கும்.

5. அடியிலுள்ள எழுத்தை வரலாற்றோடு ஒப்பிடவேண்டும். காஸ்தெல் துராந்தே என்னும் ஊர் 1636இல்தான் ‘உர்பானியா’ எனப் பெயர் பெற்றது. அப்பெயருடன் 1540 என்ற ஆண்டு எழுதப்பட்டிருந்தால் அது பொய்யே. அவ்வாறே, ஆங்கிலத்தில் ‘இத்தாலி’ என முத்திரையிட்ட கலம் மறுமலர்ச்சிக் காலத்தது அன்று; பிற்காலத்தில் ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டது.

நகலும் போலியும்

பிளாரன்சில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கந்தகல்லி தொழிற்சாலை பழைய கலங்களைப் போலவே அழகிய நகல்களைச் செய்தது. ஆனால் அடியில் தன் சேவல் முத்திரையைப் பொறித்தது. அந்நகல்களையும் இன்று விரும்பிச் சேகரிக்கின்றனர். அதே நகலில் முத்திரையைச் சுரண்டிவிட்டுப் பழையது என விற்றால் அது போலியாகிவிடுகிறது. பார்த்துச் செய்வது குற்றமன்று. மறைப்பதே குற்றம் என்பதை இதனால் உணர்கிறோம்.

சேகரிப்போர் கடமை

தெரூத்தாவுக்கு அருகில் உள்ளது ‘மதொன்னா தேய் பாஞ்ஞி’ என்னும் ஆலயம். அன்னையின் உருவம் தீட்டிய உடைந்த கோப்பைத் துண்டு ஒன்றை 1657இல் ஒரு வணிகர் கருவாலி மரத்தில் பொருத்தினார். நோயுற்ற தம் மனைவிக்காக மன்றாடினார். வீடு திரும்பியபோது அவள் நலமாகி வீடு பெருக்கிக்கொண்டிருந்தாள் என்பர். அந்தத் துண்டே ஆலயம் எழக் காரணமாயிற்று. அதன் சுவர்களை மக்கள் நன்றிக் காணிக்கையாக அளித்த நூற்றுக்கணக்கான மயோலிக்கா ஓடுகள் நிறைத்துள்ளன. தவறி விழுந்தோர், நோயுற்றோர் ஆகியோர் பிழைத்த கதைகளே அவற்றின் ஓவியங்கள். 1980இல் அவற்றுள் பல திருடப்பட்டன; பின்னர்ப் பல மீட்கப்பட்டன.

ஓர் ஏழைக் குடும்பத்தின் நன்றியை யாரோ ஒருவர் வீட்டு அலமாரிக்கு அழகுப்பொருளாக விற்பது தகுமா? எனவே, எப்பொருளையும் வாங்குமுன் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பதே சேகரிப்போரின் முதற்கடமை. கிடைத்த இடம், அளவு, குறி, சிதைவு ஆகியவற்றை ஏட்டில் எழுதிவைப்பது அடுத்தது. சிதைந்த இடத்தில் புதுவண்ணம் பூசாதிருத்தல் மூன்றாவது.

விலையுயர்ந்த கலம் நமக்குக் கிட்டாமற்போகலாம். கூர்ந்து நோக்கும் கண்ணும், உண்மையை விரும்பும் உள்ளமும் எவருக்கும் கிட்டும். அவற்றை முதலில் சேகரிப்போம்.