கடிக்கும் இயல்புடைய நாயைப் பழக்குதல்

நாய் சீறுவதும் கடிப்பதும் காரணமின்றி நிகழ்வன அல்ல. அச்சம், உடல் நோவு, உணவையும் குட்டிகளையும் காக்கும் உணர்ச்சி, நாள் முழுதும் சங்கிலியில் கட்டுண்டு கிடத்தல் ஆகியவையே பெரும்பாலும் அதற்கு மூலங்களாம். பிறந்த 3-ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14-ஆம் வாரம் வரை குட்டி மனிதரோடும் புதிய ஓசைகளோடும் அஞ்சாது பழகும் பருவமாகும். அப்பருவத்தில் தனித்து வளர்ந்த நாய் பின்னர் அயலாரைக் கண்டு வெருளக்கூடும்.

முன்னறிகுறிகள்

உடல் விறைத்தல், பார்வை நிலைகுத்தி நிற்றல், பல் தெரிய உதட்டை உயர்த்துதல், உறுமல் ஆகியன எச்சரிக்கைகளாம். வாலாட்டுதல் எப்போதும் நட்பின் அடையாளமன்று. விறைத்து உயர்ந்த வாலின் அசைவும் எச்சரிக்கையே. உறுமும் நாயை அடித்தல் கூடாது. அடியினால் அச்சம் நீங்குவதில்லை. எச்சரிக்கும் வழக்கமே மறைகிறது. பின்னர் அந்நாய் உறுமாமலே கடிக்கக்கூடும்.

பழக்கும் முறை

இயல்பு திடீரென மாறிய நாயை முதற்கண் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். காதுப்புண், பல்நோய், மூட்டுவலி ஆகியவற்றாலும் நாய் சினங்கொள்வதுண்டு.

உணவுக் கலத்தருகே எவரேனும் வந்தால் உறுமும் நாயை எடுத்துக்கொள்வோம். கலத்தைப் பறித்துப் பழக்க முயலுதல் தவறு. நாயின் அமைதி குலையாத தொலைவில் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் நின்று, அது மிக விரும்பும் இறைச்சித் துண்டொன்றைக் கலத்தருகே எறிந்துவிட்டு விலக வேண்டும். நாள்தோறும் இவ்வாறு செய்து, தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருதல் வேண்டும். நாயின் உடல் விறைக்குமாயின் முந்தைய தொலைவுக்கே மீள வேண்டும். மனிதர் வருகை இழப்பன்று, பேறே என்பதை நாய் இவ்வாறு உணரும். இதற்கு வாரங்கள் பல ஆகலாம். அதுகாறும் நாய்க்குத் தனியிடத்தில் உணவளித்து, விருந்தினர் வருங்கால் வேறு அறையில் அடைத்து, வெளியே செல்லுங்கால் வாய்க்கூடை அணிவித்தல் நன்று. சிறு குழந்தையை எந்த நாயுடனும் தனியே விடலாகாது.

கடிபட்டால்

காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் முதலியவற்றை அப்புதல் கேடு விளைவிக்கும். கடித்த நாயை 10 நாள் கண்காணித்தல் வேண்டும். ஆயினும் அதன்பொருட்டுத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாகாது. வெறிநோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

களப்பணியாளர் வாயிலில் நின்று குரல் கொடுத்து, நாய் கட்டப்பட்டபின் உள்ளே செல்லல் வேண்டும். நாய் நெருங்கினால் ஓடாமல், அதன் கண்களை நோக்காமல், கைகளை உடலோடு சேர்த்து அசையாது நிற்கும் பயிற்சியை ஆசிரியர்கள் மாணவருக்கு வகுப்பிலேயே செய்து காட்டுவார்களாக.